ஒன்றரை டன் வெயில்

போன மே மாதம் ஒரு ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்தவன், சமையலறை வாசலில் அம்மாவின் கையை மிதித்துவிட்டேன். வெறும் தரையில் சுருண்டு படுத்திருந்தாள்.

"ரூம்ல கட்டில் இருக்கில்ல? இங்க என்னம்மா?"

"ஒண்ணுமில்லடா. இங்கதான் கொஞ்சம் காத்து வருது. நீ போய்ப் படு."

பத்து நாளாக இதே கதைதானாம். எனக்குத் தெரியாது, மனைவிக்குத் தெரிந்திருக்கிறது. "கொறட்டை விடறவருக்கு எப்படித் தெரியும்?" என்றாள். நியாயம். அம்மாவுக்கு வயது அறுபத்தெட்டு. பிரஷருக்கு மாத்திரை சாப்பிடுகிறவள். காலையில் எழுந்ததும் தலை சுற்றுகிறது என்று சொன்னதை, 'வயசாகுது' என்ற கணக்கில் வரவு வைத்திருந்தேன்.

செஞ்சிக் கோட்டை மாதிரியே எங்கள் வீடும் பல ராஜாக்கள் கட்டியது. முன்பகுதி தாத்தாவுடையது. தேக்குக் கட்டை, மேலே செங்கல், அதன் மேல் சுண்ணாம்புத் தளம் என்று மெட்ராஸ் டெரஸ். பின்னால் மேற்குப் பார்த்த அறை 2009-ல் அப்பா சேர்த்த கான்கிரீட். 'மேலே சுருக்கி போட்டுத் தட்டோடு பதிக்கணும்' என்று மேஸ்திரி சொன்னபோது பணம் தீர்ந்துவிட்டது. அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்றார் அப்பா. அந்த அறைதான் அம்மாவுக்கு.

ஏ.சி. கடையில் விசாரித்தேன். அறையை வந்து பார்க்காமலே, "ஒன்றரை டன் போட்டுடுங்க ஸார்" என்றார்கள். விலையைக் கேட்டதும் எனக்குக் குளிரெடுத்தது.

நான் பி.காம். பேரேடு எழுதாமல் செலவு செய்ய மனசு வராது. மூன்று தெர்மாமீட்டர் வாங்கினேன். முதல் ராத்திரி மூன்றையும் ஒரே மேஜையில் வைத்தேன். அதில் ஒன்று ஒரு டிகிரி கூடுதலாகப் பொய் சொன்னது. அதைக் கழித்துக்கொண்டு கூடத்தில் ஒன்று, அம்மா அறையில் ஒன்று, பின்பக்கத் தாழ்வாரத்தில் ஒன்று. காலை ஆறு, மதியம் மூன்று, ராத்திரி பதினொன்று என்று நோட்டுப் புத்தகத்தில் பதிவு. மூன்றாம் நாளே கணக்கு உதைத்தது. ராத்திரி பதினொரு மணிக்கு வெளியே 30, கூடம் 33, அம்மா அறை 36!

வெயில் போய் ஐந்து மணி நேரம் ஆகிவிட்டதே, இது எங்கிருந்து வருகிறது?

பதில் கோட்டையில் கிடைத்தது. 2025 ஜூலையில் யுனெஸ்கோ நம் கோட்டையை உலகப் பாரம்பரியச் சின்னமாக்கியதிலிருந்து விருந்தாளிகள் அதிகம். வந்த உறவுக்காரர்கள் ராஜகிரியை அடிவாரத்திலேயே நிமிர்ந்து பார்த்துக் கும்பிட்டுவிட்டு, களஞ்சியத்துக்குள் புகுந்துகொண்டார்கள். வௌவால் நாற்றம்தான்; ஆனால் குளுகுளு. காரணம், சுவரின் தடிமன். பகல் முழுக்க வாங்கும் சூடு உள்பக்கம் வந்து சேர்வதற்குள் பொழுது சாய்ந்துவிடுகிறது. (1690-களில் ராஜாராமை வளைத்துக்கொண்டு முகலாயப் படை வருஷக்கணக்கில் வெளியே கிடந்ததே, கூடாரத்தில் எத்தனை சித்திரை! பாவம்.)

எங்கள் ஒன்பது அங்குலச் சுவரும் அதே வேலையைத்தான் அரைகுறையாகச் செய்கிறது. சாயங்காலம் நாலு மணிக்கு வாங்கிய டெபாசிட்டை, அம்மா படுக்கப் போகிற நேரத்தில் உள்ளே பட்டுவாடா பண்ணுகிறது. ராத்திரி சுவரில் கை வைத்துப் பார்த்தேன், தோசைக்கல்லை இறக்கி வைத்த மாதிரி. மேல் தளமும் அதே கதை. ஏப்ரல் கடைசியில் நம்மூர் மதியச் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. மொட்டை கான்கிரீட் அத்தனையும் குடிக்கிறது. ஃபேன் அறையைக் குளிர வைப்பதில்லை; வியர்வையை உலர்த்தும், அவ்வளவுதான். கூரைக்கடியில் தேங்கிய சூட்டையும் சேர்த்துக் கீழே தள்ளும்.

சரி, அந்தச் சூடு ஏன் வெளியே போகவில்லை? ஊதுபத்தி ஏற்றிப் பார்த்தேன். கூடத்தில் புகை ஜன்னல் பக்கம் நெளிந்தது. அம்மா அறையில் நேராக மேலே போய் அப்படியே நின்றது. நிமிர்ந்து பார்த்தால் வென்டிலேட்டரில் அட்டை! புறா வருகிறது என்று இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஆணி அடித்து மூடிய புண்ணியவான் யார் என்று மனைவி கேட்கவில்லை. என்னைப் பார்த்தாள், அவ்வளவுதான்.

அட்டையைப் பிடுங்கிவிட்டு வலை அடித்தேன். மாடியில் சுண்ணாம்போடு வஜ்ஜிரம் கலந்து மூன்று கை வெள்ளை. வெள்ளை, வெயிலில் பெரும்பகுதியை வந்த வழியே திருப்பி அனுப்பிவிடும். மேற்கு ஜன்னலுக்கும் சுவருக்கும் வெளியே கீற்றுத் தட்டி. உள்ளே திரை போட்டால் போதாதா என்றார் பக்கத்து வீட்டுக்காரர். போதாது, கண்ணாடியைத் தாண்டிய வெயில் வீட்டுக்குள் வந்த வெயில்தான். பகலில் ஜன்னலை மூடி, வெளியே ஆறிய பிறகு ராத்திரி திறந்து வைத்தோம். மொத்தச் செலவு மூவாயிரத்துக்குள்.

பத்தாம் நாள் ராத்திரி பதினொன்றுக்கு அம்மா அறை 33, கூடம் 32. அந்த ஒரு டிகிரி இன்னும் பாக்கி; தட்டோடு போட்டால் தீரும்.

அம்மா கட்டிலுக்குத் திரும்பிவிட்டாள். தலைசுற்றல் குறைந்திருக்கிறது. டாக்டர் மாத்திரையை மாற்றவில்லை.

ஐப்பசி மழையில் சுண்ணாம்பு பாதி கரைந்துவிட்டது. மாசியில் மறுபடி அடிக்கவேண்டும். நான் மறந்துவிடுவேன் என்று, சுண்ணாம்புக்காரரிடம் அம்மாவே சொல்லி வைத்திருக்கிறாள்.