பொருத்தும் கையும் படிக்கும் கண்ணும்

தமிழ் கணினியேறிவிட்டது என்று மேடைதோறும் மாலை சூட்டிக்கொள்ளும் வழக்கம் மலேசியத் தமிழரிடையே நிலைத்துவிட்டது. எழுத்துரு வந்தது, விசைப்பலகை வந்தது, 2001இல் கோலாலம்பூரில் தமிழ் இணைய மாநாடும் நடந்தது. நல்லவையே. ஆயினும் கணினித் திரையில் தமிழ் மின்னுவதைக் கண்டு மகிழ்வோர், அக்கணினியின் உள்ளே எழுதப்பட்டுள்ள நூலை என்றேனும் புரட்டிப் பார்த்ததுண்டா? 'அது பொறியாளர் வேலை. தமிழாசிரியர்க்கு அங்கென்ன பணி?' என்று கேட்போர் அறியவேண்டிய செய்தி ஒன்றுண்டு.

கணினியின் யூ.எஸ்.பி. செருகுவாயில் பொருத்தி இணையக் கம்பியைப் பூட்டும் சிறு கருவியைப் பலரும் பார்த்திருப்பர். தைவானின் ஏசிக்ஸ் நிறுவனச் சில்லு கொண்ட அத்தகைய கருவி ஒன்றன் இயக்கி, 2013இல் லினக்ஸ் இயங்குதளத்தின் கருப்பகுதியாகிய கெர்னலில் சேர்ந்தது. வலையிலிருந்து வரும் தரவுப் பொதிகள் பலவற்றை அக்கருவி ஒரே மூட்டையாகக் கட்டி, இறுதியில் ஒரு குறிப்பையும் வைத்து அனுப்புகிறது: பொதிகள் இத்தனை, அவற்றின் நீளப் பட்டியல் இன்ன இடத்தில் தொடங்குகிறது. அதனைப் பார்த்து இயக்கி மூட்டையைப் பிரிக்கவேண்டும். குறிப்பு பொய்யானால்? பட்டியல் மூட்டைக்கு வெளியே இருப்பதாகக் கருவி சொன்னால்? இயக்கி இவ்வினாக்களை முழுமையாகக் கேட்கவில்லை. சொன்னதை நம்பித் தனக்குரியதல்லாத நினைவகத்தில் கைவைத்தது. பழுதுற்ற கருவியோ, வஞ்சகமாகச் செய்யப்பட்ட கருவியோ கெர்னலையே குலைக்க அது போதும். 2022இல்தான் திருத்தம் வந்தது. எண்ணிக்கையும் தொடக்கமும் நீளமும் மூட்டைக்குள் அடங்குகின்றனவா என்று சரிபார்க்கும் சில வரிகள், அவ்வளவே.

நன்னூல் கற்பிக்கும் ஆசிரியர் இக்குற்றத்தைக் 'குன்றக் கூறல்' என்று உடனே அடையாளம் காட்டிவிடுவார். 1887இல் உ.வே.சாமிநாதையர் ஏடுகளை ஒப்பிட்டுச் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த வரலாற்றைப் பெருமையுடன் நடத்துவோர், ஒரு வரியை ஐயுற்று, முன்பின் ஒட்டிப் பார்த்து, காரணம் காட்டித் திருத்தும் அதே பயிற்சி இங்கும் வேண்டப்படுவதை ஏன் காண மறுக்கின்றனர்? காரணம் விளக்காத திருத்தத்தை லினக்ஸ் பராமரிப்பாளர் ஏற்பதில்லை. திருத்தியவர் தம் பெயரிட்டுப் பொறுப்பேற்கவும் வேண்டும். நம் உரைநூற் பதிப்புகள் சிலவற்றில் அந்த ஒழுங்கும் இல்லை!

பட்டர்வொர்த் மக்களுக்கு இது தொலைதூரச் செய்தியாகாது. மாக் மண்டினிலும் பிறையிலும் ஆலைகள். நீரிணைக்கு அப்பால் பாயான் லெப்பாசில் 1972இலேயே இன்டெல் தொழிற்சாலை. சில்லுகளைப் பொருத்திச் சோதித்துப் பெட்டியிலிட்ட கைகளில் தமிழ்க் கைகளும் உண்டு. பொருத்துவதற்குக் கையைத் தந்த குடும்பத்திலிருந்து, உள்ளோடும் நிரலைப் படிப்பதற்குக் கண் வரலாகாதா?

ஆங்கிலம் தடை என்பர். சி மொழியின் திறவுச்சொற்கள் 1989ஆம் ஆண்டுத் தரப்படி 32 மட்டுமே. திருத்தக் குறிப்பை ஆங்கிலத்தில் எழுதவேண்டும் என்பது உண்மைதான். மும்மொழி பயிலும் தமிழ்ப்பள்ளி மாணவன் அதற்கா அஞ்சுவான்? பணமும் தடையாகாது. 1992 முதல் பொது உரிமத்தின் கீழ் லினக்ஸின் மூலநிரல் எவரும் படிக்கவும் திருத்தவும் திறந்து கிடக்கிறது.

தேர்வில் வராது என்பதே எஞ்சும் மறுப்பு. பட்டிமன்றமும் தேர்வில் வருவதில்லை. அதற்கு மட்டும் மண்டபமும் ஒலிபெருக்கியும் கிடைத்துவிடுகின்றன. மாதம் ஒரு மாலை, தமிழ்க் கழகக் கூட்டத்தில் அந்த இயக்கியின் மூட்டை பிரிக்கும் பகுதியைத் திரையிட்டு, 'இவ்வெண்ணைச் சொன்னது யார்? அதனை ஏன் நம்பவேண்டும்?' என்று வரிவரியாக மாணவரைக் கேட்க ஓர் ஆசிரியர் முன்வரட்டும்.