எள்ளும் வேண்டும், கொள்ளும் வேண்டும்

உடல் எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை முடிந்து மறுபரிசோதனைக்கு வருகிறவர்களிடம், "வீட்டில் மாதம் எத்தனை லிட்டர் எண்ணெய் வாங்குகிறீர்கள்?" என்று நாங்கள் கேட்பதுண்டு. இரைப்பையைச் சிறிதாக்கிய பிறகு எண்ணெய்க் கணக்கு எதற்கு என்று பலரும் வியக்கிறார்கள். உடன் வரும் தாயோ மனைவியோ, "அவர் உண்பதே நான்கு வாய், அதில் கொஞ்சம் நெய் ஊற்றினால் என்ன குறைந்துவிடும்?" என்று வருந்துவதும் உண்டு. அன்பில் பிறந்த அந்தக் கேள்விக்கு நேர்மையான விடை சொல்லவேண்டியது எங்கள் கடமை.

இரைப்பைக் குறைப்பு முறையில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் அகற்றப்படுகிறது. பசியைத் தூண்டும் கிரெலின் சுரப்பும் அதனால் குறைகிறது. ஆயினும் இந்தச் சிகிச்சை உணவின் பருமனைத்தான் கட்டுப்படுத்துகிறது. உணவிலுள்ள கலோரியை அதனால் எண்ண இயலாது. ஒரு கிராம் மாவுச்சத்தும் ஒரு கிராம் புரதமும் ஏறத்தாழ நான்கு கலோரி தருகின்றன; ஒரு கிராம் கொழுப்போ ஒன்பது கலோரி தருகிறது. ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் ஏறக்குறைய 120 கலோரி அடங்கியுள்ளது. அது வயிற்றில் இடத்தை அடைப்பதுமில்லை, பசியை நிறைப்பதுமில்லை. முறுக்கும் மிக்சரும் வாயில் கரைந்து எளிதில் இறங்கிவிடுகின்றன. ஒரு பிடி வறுத்த நிலக்கடலை, அதாவது 30 கிராம், மூன்று தேக்கரண்டி எண்ணெய்க்கு ஈடான கொழுப்பைக் கொண்டது. ஓரிரு ஆண்டுகளுக்குப் பின் எடை மீண்டும் ஏறத் தொடங்கியவர்களின் அன்றாட உணவைக் கேட்டறியும்போது, பெருவிருந்துகளைவிட இத்தகைய சிறு தீனிகளே மிகுதியாகத் தென்படுகின்றன.

நம் பகுதியில் இன்னொரு நம்பிக்கையும் வேரூன்றியுள்ளது. மரச்செக்கில் ஆட்டிய கடலை எண்ணெயும் பர்கூர் மலை மாட்டு நெய்யும் உடலுக்குத் தீங்கு செய்யா, ஆகவே அளவு பார்க்க வேண்டியதில்லை என்பதே அது. மணமும் சுவையும் செக்கு எண்ணெய்க்குக் கூடுதல் என்பதை நாங்களும் ஒப்புக்கொள்கிறோம். ஆனால் செக்கில் ஆட்டினாலும் ஆலையில் பிழிந்தாலும் கலோரி ஒன்றே.

இதற்கு நேர் எதிரான பிழையும் எங்களுக்குக் கவலை தருகிறது. எடை ஏறிவிடுமோ என்ற அச்சத்தில் எண்ணெயை அறவே விலக்கி, வேகவைத்த காய்களை மட்டுமே உண்டு வாடுகிறவர்கள் உள்ளனர். எடை விரைந்து குறையும் மாதங்களில் பித்தப்பையில் கல் உருவாகும் வாய்ப்பு மிகுதி. உணவில் கொழுப்பே இல்லையெனில் பித்தப்பை சரிவரச் சுருங்காது, பித்தநீர் தேங்கும், ஆபத்து மேலும் கூடும். ஏ, டி, இ, கே ஆகிய வைட்டமின்கள் உடலில் சேரவும் கொழுப்பு தேவை. குடல் மாற்றுப்பாதை அமைக்கப்பட்டவர்களுக்கு இவை முன்பே குறைவாக உட்கிரகிக்கப்படக்கூடும். மாலைக்கண், எலும்புத் தேய்மானம் போன்ற குறைகள் ஓசையின்றி வந்து சேரலாம்.

மருத்துவ வரலாறும் இதையே உணர்த்துகிறது. 1954இல் அமெரிக்க அறுவை மருத்துவர்கள் கிரெமனும் லின்னரும் சிறுகுடலின் பெரும்பகுதியை விலக்கி இணைக்கும் முறையை வெளியிட்டனர். கொழுப்பு உடலில் சேராததால் எடை குறைந்தது. ஆனால் ஓயாத வயிற்றுப்போக்கும், சிறுநீரகக் கல்லும், கல்லீரல் பாதிப்பும் உடன் வந்தன. நாளடைவில் அந்த முறை கைவிடப்பட்டது. எடை குறைவது மட்டுமே நலமாகிவிடாது.

அப்படியெனில் அளவு எது? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டுதல், நாளொன்றுக்கு 2,000 கலோரி உண்பவருக்கே சமையல் எண்ணெயும் நெய்யும் சேர்த்து 27 கிராம் அளவில் போதும் என்கிறது. அறுவை சிகிச்சை செய்துகொண்டவர் அதில் பாதியளவு கலோரியே உண்கிறார். அவருக்கு நாளொன்றுக்கு இரண்டு அல்லது மூன்று தேக்கரண்டி எண்ணெய் பெரும்பாலும் போதும் என்பது எங்கள் கருத்து. சிகிச்சை முறைக்கேற்ப இது மாறும். உங்கள் மருத்துவரும் உணவியலாளரும் சொல்வதே இறுதி அளவு.

இந்த அளவைத் தனி ஒருவரால் காக்க முடியாது என்பதே நாங்கள் வலியுறுத்த விரும்புவது. ஒரே வீட்டில் ஒருவருக்கு மட்டும் தனிச் சட்டி வைத்தால், மூன்றாம் மாதத்தில் அந்தச் சட்டி பரண் ஏறிவிடும். உண்பவர் குற்ற உணர்வோடு தனித்து அமர நேரும். மாறாக, நால்வர் கொண்ட குடும்பம் மாதம் மூன்றரை லிட்டருக்குள் நிறுத்திக்கொண்டால் அனைவருக்குமே நலம். தாளிக்கும்போது புட்டியிலிருந்து நேரே ஊற்றாமல் தேக்கரண்டியால் அளந்து விடுங்கள். கோழியைத் தோல் நீக்கிச் சமையுங்கள். ஆட்டுக்கறிக் குழம்பில் மிதக்கும் கொழுப்பை வழித்தெடுத்துவிடுங்கள்.

நம் முன்னோர் "இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு" என்றனர். அறுவை சிகிச்சைக்குப் பின் ஒருவர் இளைத்தவராகவும் இருக்கிறார். மீண்டும் கொழுக்காதிருக்க வேண்டியவராகவும் இருக்கிறார். அவருக்கு அளவோடு எண்ணெயும் வேண்டும், புரதம் மிகுந்து கொழுப்பு குறைந்த கொள்ளும் வேண்டும். நன்றாகக் குழைய வேகவைத்துக் கடைந்த கொள்ளுப் பருப்பு, கொங்கு நாட்டு அடுக்களை அவருக்குத் தரக்கூடிய சிறந்த கொடை.

ஆடி மாதத்தில் குருநாதசுவாமி கோயில் தேர்த்திருவிழாவுக்கு உறவினர் வருவர். வீட்டில் ஒப்பிட்டும் கச்சாயமும் மணக்கும். அன்று ஒரு துண்டைச் சுவைத்துப் பார்ப்பதை நாங்கள் குற்றம் என்று சொல்லமாட்டோம். குடல் மாற்றுப்பாதை அமைக்கப்பட்டவர்கள் மட்டும் எச்சரிக்கையாக இருக்கவேண்டும். இனிப்பு விரைந்து குடலுள் இறங்கினால் படபடப்பு, வியர்வை, வயிற்றுப்போக்கு வரக்கூடும். உறவினரிடம் எங்கள் வேண்டுகோள் ஒன்றே: "வேண்டாம்" என்று அவர் சொல்லும்போது இன்னொரு கரண்டி நெய்யை இலையில் ஊற்றாதீர்கள்.

வலப்பக்க மேல்வயிற்றில் கடும் வலி, காய்ச்சல், கண் மஞ்சளாதல் ஆகியவை தோன்றினால் காத்திராமல் மருத்துவமனைக்கு வாருங்கள். எண்ணெய்ப் பசையுடன் மிதக்கும் மலம் தொடர்ந்தால் மருத்துவரிடம் தெரிவியுங்கள். அடுத்த மறுபரிசோதனைக்கு வரும்போது, மருந்துச் சீட்டுடன் மளிகைச் சீட்டையும் கொண்டுவாருங்கள். முடிந்தால் வீட்டில் சமைப்பவரையும் அழைத்துவாருங்கள். அவருடன் பேசும் பத்து நிமிடம், நோயாளியிடம் தனித்துச் சொல்லும் அறிவுரையைவிடப் பயன்தரும் என்பதே எங்கள் அனுபவம்.