மூன்று தாளில் மூன்று பெயர்

மரண சாசனம் எழுதாமல் ஒருவர் கண்ணை மூடினால் சொத்து யாருக்குப் போகும் என்பதற்கு இலங்கையில் 1876 முதலே விடை இருக்கிறது. அந்த ஆண்டின் 15ஆம் இலக்க விவாக உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டப்படி பாதி, உயிரோடிருக்கும் கணவனுக்கு அல்லது மனைவிக்கு. மற்றப் பாதி பிள்ளைகளுக்குச் சமமாக. மகன், மகள் என்ற பேதம் கிடையாது. தேசவழமை யாழ்ப்பாணத்தாருக்கு, கண்டியச் சட்டம் கண்டிச் சிங்களவருக்கு. இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களில் கொழுந்து எடுக்கிற, பால் வெட்டுகிற நம் தமிழ்ச் சனங்களுக்கு அவை இரண்டும் பொருந்தா, பொதுச் சட்டம்தான். கணக்கு இத்தனை சுலபம். ஆனாலும் பலாங்கொடையிலோ யட்டியாந்தோட்டையிலோ ஒரு தொழிலாளி செத்துப்போனால், அவர் உழைத்துச் சேர்த்த காசு வீடு வந்து சேர்வதற்குள் குடும்பம் கந்தோர் கந்தோராக அலைகிறது. பங்கு பிரிப்பதில் வருகிற தாமதம் கொஞ்சம்தான். இறந்தவர் இன்னார், நாங்கள் அவருக்கு இன்ன உறவு என்று காட்டுவதில்தான் மாதங்கள் போகின்றன.

“லயத்துக் காம்பராவில் இருந்தவருக்கு என்ன பெரிய சொத்து?” என்று கேட்பவர்கள் உண்டு. காம்பரா சொத்தில்லை என்பது உண்மை. உறுதி இல்லாத இடத்துக்கு வாரிசும் இல்லை. வீட்டில் யாராவது தோட்டத்தில் பேர் போட்டிருந்தால் இருக்கலாம், அவ்வளவுதான். ஆனால் காசு இருக்கிறது. 1958இன் சட்டப்படி ஊழியர் சேமலாப நிதிக்குச் சம்பளத்தில் தொழிலாளி நூற்றுக்கு 8 கட்டுகிறார், நிர்வாகம் 12 கட்டுகிறது. 1980இன் சட்டப்படி வந்த ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு நிர்வாகம் இன்னொரு 3 கட்டுகிறது. 1983இன் பணிக்கொடைச் சட்டம், நாட்சம்பளக்காரருக்குச் சேவை செய்த ஒவ்வொரு வருடத்துக்கும் 14 நாள் சம்பளம் தரச் சொல்கிறது. வேலையில் இருக்கும்போதே இறந்தால் அது வாரிசுகளுக்கு. முப்பது வருடம் கொழுந்து எடுத்தவருக்கு அது 420 நாள் சம்பளம். 2024இல் நிர்ணயித்த 1,350 ரூபாயை வைத்துப் பெருக்கினால் 5,67,000 ரூபாய். அடகில் இருக்கும் தோடு, வங்கிப் புத்தகம், கட்டி முடிக்காத சீட்டு எல்லாம் இதற்கு வெளியே. சொத்தில்லாதவர் என்று சொல்லி ஒதுக்கிவிடக்கூடிய தொகையா இது?

இனிப் பெயர் விஷயத்துக்கு வருவோம். ஒரு பெண்ணை உதாரணமாக எடுத்துக்கொள்ளலாம். பேர் பதிந்த அன்று கிளாக்கர் ஐயா காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் ‘லெச்சிமி’ என்று எழுதிவிட்டார். தோட்டத்துச் சம்பளப் பதிவேடான செக்ரோலில் இன்றுவரை அதுதான். பிறப்புச் சான்றிதழ் சிங்களத்தில் இருக்கிறது, அதில் மகாலெட்சுமி. அடையாள அட்டைக்காக அதைத் தமிழுக்குத் திருப்பியவர் ‘லக்ஷ்மி’ ஆக்கினார். முன்னெழுத்து ஓரிடத்தில் தகப்பனுக்கு, வங்கிப் புத்தகத்தில் புருஷனுக்கு. லயத்தில் அவளைக் கூப்பிட்டதோ பாப்பாத்தி என்று. உயிரோடிருந்தவரை இது யாருக்கும் தொந்தரவில்லை. பெரட்டுக் களத்தில் கங்காணிக்கு முகம் தெரியும், கணக்கப்பிள்ளைக்குக் குரலே போதும். அவள் போன பிறகு தாள்கள் மட்டும்தான் மிஞ்சுகின்றன. அவற்றைத் தகரப்பெட்டியிலிருந்து எடுத்துத் தொழில் கந்தோர் மேசையில் பரப்பினால், அங்கே மூன்று பெண்கள் இருக்கிறார்கள்.

இந்தக் குழப்பத்துக்குத் தொழிலாளியின் அசட்டையைக் காரணம் சொல்வது சுலபம், நியாயமில்லை. 1948இன் குடியுரிமைச் சட்டம் இந்தத் தோட்டத் தமிழரை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் குடும்பங்களை இரண்டு நாட்டுக்கும் பிரித்தது. மிச்சமிருந்தவர்களின் வழக்கு 1988, 2003 சட்டங்கள் வரை இழுத்தது. அடையாள அட்டை என்பதையே பலர் நடுவயதில்தான் கண்டார்கள். பிறப்பும் இறப்பும் தோட்ட நிர்வாகத்தின் வழியே பதிவுக்குப் போன காலத்தில், எழுதியவர் சொன்னதுதான் பெயர். அதோடு 1992இல் தோட்டங்கள் அரச கூட்டுத்தாபனங்களிடமிருந்து கம்பனிகளின் கைக்கு மாறின. முதலாளி மாறினால் சேமலாப நிதி இலக்கமும் மாறும். பழைய இலக்கத்தில் கிடக்கும் காசை மறந்தேபோனவர்கள் உண்டு. இரத்தினபுரியும் கேகாலையும் சேர்ந்த சபரகமுவ மாகாண நிர்வாகம் சிங்களத்தில் நடக்கிறது. அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை பத்திரங்களின் பிரதியைத் தமிழில் கேட்டுப் பெற உரிமை தந்திருக்கிறது. கேட்பவர்கள் குறைவு.

கல்யாணத்தைப் பதியாமல் விடுவது பெயர்க் குழப்பத்தைவிடப் பாரதூரமானது. மாரியம்மன் கோயிலில் தாலி கட்டிய வழமைக் கல்யாணம் பதியப்படாவிட்டாலும் இலங்கைச் சட்டத்தில் செல்லும், நீதிமன்றங்கள் ஏற்றிருக்கின்றன. அப்புறம் எதற்குப் பதிவு என்று கேட்டால், செல்லும் என்பது வேறு, காட்ட முடியும் என்பது வேறு. தாலி கட்டியதைப் பார்த்தவர்களில் பாதிப்பேர் செத்திருப்பார்கள், சிலர் கப்பலேறி இந்தியாவுக்குப் போயிருப்பார்கள். கல்யாணத்தை நிறுவ முடியாமல் போனால் விதவையின் பாதியோடு விவகாரம் முடிவதில்லை. சட்டப்படி கல்யாணத்துக்கு வெளியே பிறந்த பிள்ளை, சாசனம் எழுதாத தாயின் சொத்துக்குத்தான் வாரிசு, தகப்பனுடையதற்கு இல்லை. பதிவாளரிடம் போகாமல் விட்ட ஒரு நாள், நாற்பது வருடம் கழித்துப் பிள்ளைகளின் தலையில் விழுகிறது.

அப்படியானால் மரண சாசனம் எழுதிவைக்கலாமே என்பார்கள். எழுதலாம். 1840இன் கட்டளைச் சட்டப்படி நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் வேண்டும். நொத்தாரிசு இல்லையென்றால் ஐந்து சாட்சிகள் போதும். ஐந்து சாட்சிக்கு லயத்தில் பஞ்சமில்லை. ஏழு பேர்ச்சில் புதுவீடு கிடைத்தவர்கள் இதை யோசிக்கத்தான் வேண்டும். ஆனால் சாசனத்தை நிரூபிக்கவும் மாவட்ட நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும், அங்கும் இதே மூன்று பெயர்கள் வந்து நிற்கும். பெரும்பாலான குடும்பங்களுக்கு அதைவிட அவசரமானவை இரண்டு. ஒன்று, சேமலாப நிதியிலும் வங்கியிலும் பின்னுரித்தாளியின் பெயரைப் பதிவது. இளந்தாரியாக இருந்தபோது அம்மாவின் பெயரைப் போட்டிருந்தால் அதை இன்றைய குடும்பத்துக்கு ஏற்ப மாற்றுவது. மற்றது, எல்லாப் பெயர்களும் தனக்குரியவையே என்று சமாதான நீதவான் முன்னிலையில் சத்தியக் கடதாசி முடிப்பது. அந்தக் கடதாசியைப் பெயருக்குரியவர் தானே முடித்தால் ஒரு காலைநேர வேலை. அவர் போன பிறகு மகன் முடித்தால், மகன் என்பதற்கு முதலில் அத்தாட்சி கேட்பார்கள்.

உயிரோடிருக்கும்போது சாவைப் பற்றிப் பேசுவது அபசகுனம் என்ற மறுப்பை நான் அதிகம் பொருட்படுத்தவில்லை. மரண சகாய சங்கத்துக்கு மாதாமாதம் காசு கட்டுகிற சனம்தானே நாம்? அதைவிட வலுவான மறுப்பு, மூத்த மகன்தான் எல்லாம் பார்த்துக்கொள்வான், அவனுக்கே போகட்டும் என்பது. அரச காணிகளில் வாரிசுரிமை நெடுங்காலம் அப்படித்தான் ஆண்பிள்ளைப் பக்கம் சாய்ந்திருந்தது. காணி அபிவிருத்திச் சட்டத்திலிருந்த அந்தச் சாய்வை 2022இல்தான் நீக்கினார்கள். ஓடித்திரிந்து காரியம் பார்ப்பவன் மகனாக இருக்கலாம். அதற்காகத் தாயின் பாதியும், கொழும்பில் வீட்டுவேலைக்குப் போன தங்கச்சியின் பங்கும் அவனுடையதாகிவிடாது. 1964க்குப் பின் இந்தியாவுக்குப் போய்க் கூடலூரிலோ கோத்தகிரியிலோ குடியேறிய பிள்ளை இருந்தால் அதுவும் வாரிசுதான்; கிராம உத்தியோகத்தரிடம் கொடுக்கும் குடும்ப விபரத்தில் அந்தப் பெயரை விட்டுவிட்டால் பின்னாளில் முழு விவகாரமும் திரும்பவும் கிளறப்படும்.

இந்தப் பொறுப்பைத் தொழிலாளியின் தலையில் மட்டும் கட்டவும் கூடாது. தொழிற்சங்கச் சந்தா செக்ரோலிலேயே கழிபடுகிறது; அங்கத்தவரின் பெயர் எந்த எழுத்தில் இருக்கிறது என்பது சங்கத்துக்கு மாதந்தோறும் தெரியும். சேமலாப நிதியை எடுக்கும் வயது பெண்ணுக்கு 50, ஆணுக்கு 55. அதற்கு ஐந்து வருடம் முன்பே தோட்டக் கமிட்டித் தலைவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஸ்தோப்பில் உட்கார்ந்து, செக்ரோல் பெயரையும் அடையாள அட்டையையும் கல்யாணச் சான்றிதழையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும். எழுத்து மாறியிருக்கிற இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டு, திங்கட்கிழமை அந்த ஆளைத் தோட்டத்து ஒபிசுக்கு அனுப்பலாம்.