95 அடித்தால் சரியாகிவிடுமா?

எங்கள் குழுவில் இரண்டு பேரின் வீட்டில் பழைய நிசான் சனி கார்கள் நிற்கின்றன. கார்பரேட்டர் காலத்தவை. ஒரே வருடம், ஒரே எஞ்சின், டியூன் பண்ணியதும் ஒரே பாஸ்தான். களனியில் ஒரே ஷெட்டில் 92 அடித்துக்கொண்டு கண்டிக்குப் போனோம். கடுகண்ணாவை ஏற்றத்தில் ஒன்று பேசாமல் ஏறியது. மற்றது டிங் டிங் என்று தட்டிக்கொண்டே வந்தது.

திரும்பி வந்து கேட்டால் பதில் ரெடி: "பெற்றோல் சரியில்ல தம்பி, 95 அடிங்க." சப்புகஸ்கந்தை சுத்திகரிப்பு நிலையம் பக்கத்தில் இருப்பதாலோ என்னவோ, எங்கள் பக்கம் எல்லாப் பழியும் பெற்றோலுக்குத்தான். பெற்றோல் பிழையென்றால் இரண்டு காருமல்லவா தட்டியிருக்க வேண்டும்?

பிளக் மூட்டிய தீ சிலிண்டரின் ஓரத்துக்குப் போய்ச் சேருமுன், அங்கே மிச்சமிருக்கும் கலவை சூட்டிலும் அழுத்தத்திலும் தானாகவே பற்றிக்கொள்வதுதான் நொக்கிங். ஒக்டேன் கூடினால் அது தள்ளிப்போகும், உண்மை. ஆனால் அந்தச் சூடும் அழுத்தமும் ஒரு எஞ்சினில் மட்டும் ஏன் கூடியது என்று யாரும் கேட்பதில்லை.

"ஒரே டியூனிங்" என்று நாங்கள் சொன்னதே பாதிப் பொய். கராஜில் லைட் பிடித்து டைமிங் பார்ப்பது கார் நின்றபடி, ஐட்லிங்கில். வேகம் கூடக் கூட பொறியை முன்னே தள்ளுவது டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் இரண்டு சின்ன எடைகளும் அவற்றைப் பிடித்திருக்கும் ஸ்பிரிங்குகளும். முப்பது வருடத்தில் ஒரு ஸ்பிரிங் தளர்ந்தால் ஐட்லிங்கில் ஒன்றும் தெரியாது. ஏற்றத்தில் பொறி முந்திக்கொள்ளும்.

அடுத்தது காபன். ஒரு கார் கண்டி, குருநாகல் என்று ஓடியது. மற்றது வெள்ளவத்தைக்கு ரியூஷன் பிள்ளைகளை ஏற்றி இறக்கி, காலி வீதி நெரிசலிலேயே காலம் கழித்தது. அப்படி ஓடும் எஞ்சினில் பிஸ்டன் தலையில் காபன் படியும். இடம் குறைந்து அழுத்தம் ஏறும், சூடும் வெளியேறாது. ரிங் தேய்ந்து ஒயில் மேலே வந்தால் இன்னும் மோசம், ஒயில் கலந்த கலவைக்கு ஒக்டேன் குறைவு. ரேடியேட்டருக்குப் பைப் தண்ணீர் ஊற்றும் பழக்கத்தைப் பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும்.

புதுக் கார்க்காரரும் சிரிக்க வேண்டாம். உங்கள் எஞ்சினில் நொக் சென்சர் சத்தத்தைக் கேட்டு டைமிங்கைப் பின்னுக்கு இழுத்துவிடுகிறது. தட்டாது, ஆனால் இழுவை குறைந்து பெற்றோல் கூடக் குடிக்கும்.

2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தியபிறகு ஐந்து வருடம் இருக்கிற கார்களையே உருட்டினோம். அந்தக் கார்களுக்கு ஆயுள் முழுக்க 95 அடிக்கச் சொல்வது வைத்தியமல்ல, மாதாமாதம் கட்டும் அபராதம். அதற்குமுன் ஒரு மணித்தியாலம் செலவழித்து, ரேஸ் பண்ணியபடி டைமிங் பாருங்கள், கொம்பிரஷன் எடுங்கள், பிளக்கைக் கழற்றி உள்ளே எட்டிப் பாருங்கள் என்றுதான் பாஸ்மாரைக் கேட்கிறோம்.

தட்டிய சனியின் டிஸ்ட்ரிபியூட்டரைக் கடைசியில் நாங்களே வற்புறுத்தித் திறக்க வைத்தோம். ஒரு ஸ்பிரிங் கழன்று கிடந்தது. மாற்றியபிறகு 92இலேயே ஏறுகிறது. நாலு பேர் ஏறிய மத்தியான வெயிலில் மட்டும் இன்னும் கொஞ்சம் முணுமுணுக்கும். அது காபனாக இருக்கலாம், அடுத்த மாதம் ஹெட்டைக் கழற்றப் போகிறோம்.