சோப்புக்கும் கண்ணாடிக்கும் கோர்ட் படியேற வேண்டுமா?

தோழர்களே, 1894 சிறைச் சட்டத்தின் 31ஆம் பிரிவை ஒருமுறை படியுங்கள். தண்டனை பெறாத விசாரணைக் கைதி, உணவு, உடை, படுக்கை, பிற தேவைகளை வெளியிலிருந்து பெற்றுக்கொள்ளலாம். சோதனை உண்டு, விதிகள் உண்டு. ஆனால் உரிமை இருக்கிறது. வெள்ளைக்காரன் போட்ட சட்டமே சொல்வது இது.

நடப்பது வேறு. 2020 டிசம்பரில், கவுதம் நவ்லாகாவுக்கு வீட்டிலிருந்து தபாலில் வந்த மூக்குக் கண்ணாடியை தலோஜா சிறை வாங்கவில்லை என்று குடும்பம் சொன்னது. மனிதாபிமானம்தான் முக்கியம் என்று மும்பை உயர் நீதிமன்றம் நினைவுபடுத்த வேண்டியிருந்தது. பிறகு, அவருக்கு வந்த உட்ஹவுஸ் நகைச்சுவைப் புத்தகமும் பாதுகாப்புக்கு ஆபத்தானதாம்! அதே சிறையில்தான் திருச்சியில் பிறந்த ஸ்டான் சுவாமி, பார்கின்சன் நோயில் கை நடுங்க, ஒரு உறிஞ்சுகுழலுக்கு மனுப்போட்டு வாரக்கணக்கில் காத்திருந்தார். 2021 ஜூலை 5 அன்று விசாரணைக் கைதியாகவே இறந்தார்.

இவர்களுக்கு வக்கீல் இருந்தார், பத்திரிகை எழுதியது. 2022 கடைசியில் நாட்டின் சிறைகளில் இருந்த 5.73 லட்சம் பேரில் 4.34 லட்சம் பேர் விசாரணைக் கைதிகள். சேரியிலிருந்து ஒருநாள் கூலியை விட்டு, பஸ் ஏறி மனு பார்க்க வரும் அம்மாவிடம் "இதெல்லாம் உள்ளே போகாதும்மா" என்றால் அவர் யாரிடம் கேட்பார்?

கஞ்சாவும் செல்போனும் உள்ளே போகக்கூடாது, சரி. சோதனை போடட்டும். ஆனால் எது அனுமதி, எது இல்லை என்று வாசலில் தமிழில் எழுதி ஒட்டட்டும். மறுத்தால் காரணத்தை எழுத்தில் தரட்டும். சட்டம் படிக்கும் தோழர்கள் உங்கள் மாவட்டச் சிறையின் பட்டியலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்குங்கள். அடுத்த மனு நாளில் அந்த நகல் அம்மாக்களின் கையில் இருக்கட்டும்.