நொறுங்கிய ஸ்போர்ட்ஸ் கார் பாதி விலைக்கும் கீழே வருகிறது: வாங்கிச் சரிசெய்தால் லாபமா?

உத்தங்குடியில் தொடங்கும் மதுரை சுற்றுச்சாலை கப்பலூரில்தான் நான்குவழிச் சாலையோடு சேர்கிறது. அந்த முக்கில் கொஞ்ச நேரம் நின்றால், ரெக்கவரி வண்டியின் முதுகில் முன்பக்கம் நசுங்கிய கார் ஒன்றாவது போவதைப் பார்க்கலாம். சில பட்டறைக்குப் போகும், சில காயலான் கடைக்கு. மிச்சம் சில, யாரோ ஒருவரின் வாட்ஸ்அப்புக்குப் போட்டோவாக வந்து சேரும்: "மஸ்டாங், டோட்டல் லாஸ் வண்டி, இன்ஜின் பக்கா, 10 லட்சத்துக்கு முடிச்சுரலாம்."

கப்பலூர் சிட்கோ தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் 28 வயது இன்ஜினீயர் ஒருவருக்கு இந்த மெசேஜ் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். புதுசாக வாங்க வாழ்நாளில் முடியாத கார். கையில் கொஞ்சம் சேமிப்பு, தெரிந்த டிங்கர் ஒருவர், ஞாயிற்றுக்கிழமைகள் ஃப்ரீ. ஆசை வருவதில் தப்பில்லை. ஆனால் கணக்கை எங்கிருந்து தொடங்குவது?

'டோட்டல் லாஸ்' என்றால் என்ன?

பலரும் நினைப்பது போல 'இனி ஓடாத வண்டி' என்று இதற்கு அர்த்தம் இல்லை. வண்டிக்கு இன்சூரன்ஸ் போடும்போது குறிக்கப்படும் மதிப்பு ஐடிவி. பழுது பார்க்கும் செலவு அந்த ஐடிவியில் 75 சதவீதத்தைத் தாண்டினால், இன்சூரன்ஸ் நிறுவனம் அதை முழு இழப்பாகக் கணக்கிட்டு உரிமையாளருக்குப் பணத்தைக் கொடுத்துவிடும். நொறுங்கிய வண்டி ஏலத்துக்குப் போகும். ஆக இது மெக்கானிக் சொன்ன தீர்ப்பு அல்ல, கணக்குப்பிள்ளை சொன்ன தீர்ப்பு.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. வண்டிக்கு வயசாக ஆக ஐடிவி குறைந்துகொண்டே போகும். ஆறு மாதத்துக்குள் 5 சதவீதம், ஓராண்டுக்குள் 15, பிறகு 20, 30, 40 என்று போய், நான்கு ஆண்டைத் தாண்டியதும் 50 சதவீதம் தேய்மானம். ஆனால் ஹெட்லைட்டின் விலைக்கு வயசாவதில்லை. ஃபோர்டு மஸ்டாங் 2016இல் இந்தியாவுக்கு வந்தபோது டெல்லி ஷோரூம் விலை சுமார் 65 லட்சம் ரூபாய். அதை வைத்துப் பார்த்தால் ஐந்தாம் ஆண்டில் ஐடிவி 32.5 லட்சம். கம்பெனி சர்வீஸ் சென்டரின் எஸ்டிமேட் 24.4 லட்சத்தைத் தொட்டாலே கதை முடிந்தது. இறக்குமதி காரின் முன்பக்கப் பாகங்கள், ரேடியேட்டர், ஏர்பேக், டேஷ்போர்டு என்று பில் போட்டால் அந்தத் தொகை எட்டாத உயரம் இல்லை.

அதனால், எலும்புக்கூடு நேராக இருந்தும் 'டோட்டல் லாஸ்' ஆன வண்டிகள் உண்டு. ப்ராஜெக்ட் காராக யோசிக்கத் தகுதியானது அந்த ரகம் மட்டும்தான். கேட்க வேண்டிய முதல் கேள்வி "விலை எவ்வளவு?" அல்ல. "இன்சூரன்ஸ்காரன் ஏன் கைவிட்டான்?" என்பதுதான். அதற்குப் பதில் சர்வேயர் அறிக்கையிலும் சர்வீஸ் சென்டர் எஸ்டிமேட்டிலும் இருக்கும். அந்த இரண்டையும் காட்ட மறுக்கும் விற்பனையாளரிடம் மேற்கொண்டு பேச எதுவும் இல்லை.

ஆர்சி புக்கில் இது தெரியுமா?

தெரியாது. சிக்கலின் வேர் இங்கேதான் இருக்கிறது. அமெரிக்காவில் இப்படிப்பட்ட காரின் உரிமைப் பத்திரத்திலேயே 'சால்வேஜ்' என்று முத்திரை விழும். சரிசெய்து சோதனையில் தேறினால் 'ரீபில்ட்' என்று மாறும், பழைய நிலைக்குத் திரும்பாது. பிரிட்டனில் 2017 அக்டோபர் முதல் ஏ, பி, எஸ், என் என நான்கு வகை. 'எஸ்' என்றால் கட்டமைப்பில் அடி, 'என்' என்றால் கட்டமைப்பு தப்பித்தது. ஏ, பி இரண்டும் மறுபடி சாலைக்கே வரக் கூடாது. நம் ஊர் ஆர்சியில் இப்படி ஒரு வரி கூடக் கிடையாது.

இந்த ஓட்டை வழியாகத்தான் திருட்டுக் கும்பல்கள் நுழைகின்றன. நொறுங்கிய வண்டியை வாங்குவது வண்டிக்காக அல்ல, அதன் ஆர்சிக்காகவும் சேஸிஸ் எண்ணுக்காகவும். அதே மாடல், அதே நிறத்தில் ஒரு காரைத் திருடி, எண்ணை மாற்றிப் பொறித்து விற்றுவிடுவது. 2020இல் லக்னோ போலீசார் பிடித்த கும்பல் செய்தது இதைத்தான். 'ஏற்கெனவே ரெடி பண்ண டோட்டல் லாஸ் வண்டி' என்று பளபளப்பாக ஒன்று வந்தால், நொறுங்கிய நிலையில் எடுத்த படங்களைக் கேட்பது அவசியம். சேஸிஸ் எண் பொறித்த தகட்டைச் சுற்றிப் புது வெல்டிங் தெரிகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 55ஆவது பிரிவு இன்னொரு விஷயம் சொல்கிறது. வண்டி அழிந்துவிட்டாலோ, நிரந்தரமாகப் பயன்படாமல் போனாலோ உரிமையாளர் 14 நாளுக்குள் ஆர்டிஓவிடம் தெரிவிக்க வேண்டும். அதன்பேரில் ஆர்சி ரத்தானால் அது வெறும் உதிரி பாகக் குவியல். எவ்வளவு அழகாகச் சரிசெய்தாலும் ரோட்டில் இறக்க வழியில்லை. வாங்கும் முன் எம்பரிவாகன் ஆப்பில் நம்பரைப் போட்டு ஆர்சி உயிரோடு இருக்கிறதா, வங்கிக் கடன் நிற்கிறதா என்று பார்க்க ஐந்து நிமிடம் போதும்.

பெயர் மாற்றத்தையும் தள்ளிப்போடக் கூடாது. ஏலத்தில் எடுத்தவர், முதல் உரிமையாளர் கையெழுத்து மட்டும் போட்ட 29, 30 ஃபார்ம்களை அப்படியே அடுத்தவரிடம் கொடுத்துவிடுவது இந்தத் தொழிலில் சகஜம். 2018இல் நவீன் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம், வண்டி எத்தனை கை மாறியிருந்தாலும் ஆர்சியில் யார் பெயர் இருக்கிறதோ அவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்றது. விற்றவருக்குத்தான் ஆபத்து என்று வாங்கியவர் நிம்மதியாக இருக்க முடியாது. முதல் உரிமையாளர் திடீரென ஆட்சேபணை சொன்னால், லட்சங்களைப் போட்ட வண்டி பட்டறையிலேயே தூங்கும்.

வெளிமாநில வண்டி என்றால் என்ஓசியோடு தமிழ்நாட்டு ஆயுள் வரியும் சேரும். 2023 நவம்பரிலிருந்து 20 லட்சத்துக்கு மேற்பட்ட கார்களுக்கு வரி 20 சதவீதம். பழைய வண்டிக்கு வயதுக்கேற்பக் குறையும் என்றாலும் கணிசமான தொகைதான். ஏற்கெனவே வரி கட்டிய டிஎன் நம்பர் வண்டிக்கு இந்தத் தலைவலி இல்லை.

பட்டறையில் எதைப் பார்ப்பது?

பம்பர், பானெட், கதவு இதெல்லாம் போல்ட் கழற்றி மாட்டும் சமாச்சாரம். பயப்பட வேண்டியது தூண்கள், முன்பக்கச் சட்டங்கள், தரைத்தகடு. இன்றைய கார்களின் தூண்களில் இருப்பது அதிவலுவான எஃகு. அதைச் சூடுபண்ணி அடித்து நிமிர்த்தினால் வடிவம் திரும்பும், வலு திரும்பாது. "தம்பி, கம்பெனி லைனுக்குக் கொண்டு வந்துருவேன்" என்று டிங்கர் சொல்வது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் கண்ணுக்குத் தெரியும் லைன் வேறு, 200 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகக்கூடிய கார் அடுத்த முறை மோதும்போது மடங்க வேண்டிய விதம் வேறு. ஜிக் பெஞ்சில் ஏற்றி, கம்பெனி அளவோடு ஒப்பிட்டு பிரிண்ட் எடுத்துத் தரும் பட்டறை இல்லாமல் இந்த வேலையில் இறங்கக் கூடாது.

அடுத்தது ஏர்பேக். ஒருமுறை வெடித்தால் முடிந்தது. பையோடு சீட் பெல்ட் இழுப்பான், கட்டுப்பாட்டு யூனிட் எல்லாவற்றுக்கும் செலவு உண்டு. செலவுக்குப் பயந்து சிலர் உள்ளே ஒரு ரெசிஸ்டரைச் சொருகி எச்சரிக்கை விளக்கை ஏமாற்றுகிறார்கள், அல்லது விளக்கையே பிடுங்கிவிடுகிறார்கள். சாவியைத் திருப்பியதும் ஏர்பேக் விளக்கு சில வினாடி எரிந்து அணைய வேண்டும். எரியவே இல்லையென்றால் யாரோ கைவைத்திருக்கிறார்கள். எரிந்து அணைந்தாலும் ஸ்கேனர் போட்டுப் பார்ப்பதே உறுதி.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டி என்றால் வாங்கவே வேண்டாம். 2015 சென்னை வெள்ளத்துக்குப் பிறகும், 2023 மிக்ஜாம் புயலுக்குப் பிறகும் சொகுசு கார்கள் மலிவாகக் கைமாறின. நசுங்கிய தகடு கண்ணுக்குத் தெரியும். ஒயரிங்குக்குள் போன தண்ணீர் ஆறு மாதம் கழித்துத்தான் பேசும்.

கணக்கு எங்கே உதைக்கிறது?

ஒரு உதாரணம். ஏலத்தில் 10 லட்சம். வெளிப் பட்டறை எஸ்டிமேட் 13 லட்சம். பிரித்தபின் தெரியும் அடிக்கு 3 லட்சம். ரெக்கவரி வண்டி, இன்சூரன்ஸ், பெயர் மாற்றம் எல்லாம் ஒரு லட்சம். மொத்தம் 27. விபத்தில்லாத அதே காரின் செகண்ட்ஹேண்ட் விலை 32 லட்சம் என்றால் 5 லட்சம் மிச்சம் போலத் தோன்றும். ஆனால் வரலாற்றை மறைக்காமல் விற்றால் 24 கிடைத்தாலே பெரிது. மறைத்து விற்றால் லாபம் உண்டுதான். அந்த லாபம், ஏர்பேக் இருக்கிறது என்று நம்பிக் குழந்தையை ஏற்றிச் செல்லும் இன்னொருவரின் தலையில் விழும்.

காத்திருப்பு தனி. 2021இல் ஃபோர்டு இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. மஸ்டாங் எப்போதுமே முழு இறக்குமதி. ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் 245 இந்தியாவுக்கு ஒதுக்கப்பட்டதே 200 கார்கள். இப்படிப்பட்ட வண்டிகளுக்குப் புதுப்பேட்டையில் நாள் முழுக்க அலைந்தாலும் பம்பர் கிடைக்காது. வெளிநாட்டிலிருந்து வரும் ஒரு பாகத்துக்காக மற்ற வேலை எல்லாம் மாதக்கணக்கில் நிற்கும், பட்டறை இட வாடகை மட்டும் ஓடும்.

இதையெல்லாம் கேட்ட பிறகும் கை பரபரக்கிறவர்களுக்கு ஒரு யோசனை: மஸ்டாங்கில் தொடங்க வேண்டாம். முன்பக்கம் மட்டும் அடிபட்ட, டிஎன் நம்பர் போலோ ஜிடி போன்ற வண்டி என்றால் பாகம் கிடைக்கும், தெரிந்த மெக்கானிக் கிடைப்பார், தப்பானாலும் இழப்பு சில லட்சத்தோடு நிற்கும். பேசும்போதே சர்வேயர் அறிக்கையைக் கேட்டுவிட்டு, ஏலத் தொகைக்கு முன்பணம் போடும் முன் சொந்த டிங்கரை நேரில் கூட்டிப்போய், வண்டியைத் தூக்கி நிறுத்தி அடிப்பகுதியைப் பார்க்க ஒருநாள் ஒதுக்க வேண்டும். அன்றைய கூலி வண்டி வாங்காவிட்டாலும் கொடுக்க வேண்டியதுதான்.