தும்பியிடம் கேட்காத கேள்வி

தும்பி என்றதும் நம் போன்ற வாசகர்களுக்குக் குறுந்தொகையின் இரண்டாம் பாட்டு நினைவுக்கு வந்துவிடும். கூந்தலின் மணம் இயற்கையா செயற்கையா என்று இறையனாரையும் நக்கீரரையும் முன்னிறுத்தி எத்தனையோ பட்டிமண்டபங்களை நடத்திவிட்டோம். சாட்சிக்கு அழைக்கப்பட்ட தும்பி இன்று எதை உண்கிறது என்று மட்டும் நாம் கேட்டதில்லை.

தக்கலை வட்டாரத்தில் இருந்துகொண்டு இதைக் கேட்காமலிருப்பது வெட்கக்கேடு. அருகே மார்த்தாண்டத்தில் 1920களிலேயே ஒய்.எம்.சி.ஏ.வின் ஸ்பென்சர் ஹாட்ச் உழவர்களுக்குப் பெட்டியில் தேனீ வளர்க்கும் முறையைப் பரப்பினார். மார்த்தாண்டம் தேன் 2023இல் புவிசார் குறியீடும் பெற்றது. அதில் பெரும்பங்கு, ரப்பர் மரம் தளிர்க்கும் மாதங்களில் இலைக்காம்பில் சுரக்கும் மது. அது வற்றியபின் தேனீக்கள் தென்னம்பாளையையும் பாகல், வெள்ளரிப் பூக்களையும் நாடுகின்றன. காய்கறித் தோட்டத்திலோ பூச்சிக்கொல்லி காத்திருக்கிறது. அதற்கு 'மருந்து' என்று பெயர் வைத்ததும் நம் மொழிதான்.

'சொன்ன அளவில் அடித்தால் தேனீ சாகாது' என்பது விற்போரின் வாதம். 1990களின் தொடக்கத்தில் இம்மாவட்டத்துத் தேனீக்கள் கூட்டங்கூட்டமாக அழிந்தது வைரஸ் நோயால்தானே என்றும் கேட்பார்கள். அது உண்மைதான். ஆனால் ஒரு கொலைகாரனைக் காட்டி இன்னொருவனை விடுவிக்க முடியாது. தவிர, செத்த தேனீக்களை எண்ணுவதே தவறான அளவுகோல். 2012இல் பிரான்சில் தேனீக்களின் முதுகில் நுண்சில்லு ஒட்டி ஓர் ஆய்வு நடந்தது. தயோமெதாக்சம் என்ற நஞ்சைக் கொல்லாத அளவில், அதாவது ஒரு கிராமின் நூறு கோடியில் ஒரு பங்குக்குச் சற்றே கூடுதலாக, ஊட்டிப் பறக்கவிட்டார்கள். அவற்றில் பல கூடு திரும்பவில்லை. நஞ்சு அவற்றை உடனே கொல்லவில்லை; வழியை மறக்கச் செய்தது. 2015இல் வெளியான இன்னோர் ஆய்வு மேலும் கொடியது. இமிடாகுளோபிரிடும் தயோமெதாக்சமும் கலந்த சர்க்கரைப் பாகின் வேறுபாட்டைத் தேனீயின் நாவுணர்வு அறியவில்லை. ஆனாலும் கலப்பில்லாத பாகைவிட அதையே அவை கூடுதலாக உண்டன. பிடிக்காவிட்டால் தேனீயே விலகிப் போகும் என்ற ஆறுதலும் இத்துடன் போயிற்று.

இவை செடியின் உடலெங்கும் ஊடுருவுபவை. மகரந்தத்திலும் மதுவிலும் இறங்குபவை. எனவே அந்தியில் தெளித்தால் போதும் என்ற அறிவுரை இவற்றுக்குப் போதாது. ஐரோப்பிய ஒன்றியம் 2018இல் இவ்விரண்டையும் குளோதியானிடினையும் திறந்தவெளிப் பயிர்களில் தடை செய்தது. நம் கடைகளிலோ இவை தாராளமாகக் கிடைக்கின்றன.

பூச்சியால் நட்டப்படும் உழவனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நம் நோக்கமன்று. கடன்பட்டவனுக்குக் கடைக்காரரே ஆலோசகர் என்ற நிலையை உண்டாக்கியது அரசுதான். தேனீ நாடும் பயிர்களில் இந்த நஞ்சுகளுக்குத் தடை வேண்டும். தெளிக்கும் நாளைத் தேனீ வளர்ப்போருக்கு முன்கூட்டியே அறிவிக்கும் ஏற்பாடு வேண்டும். அடுத்தமுறை அந்தக் குறுந்தொகைப் பாட்டுக்கு நாம் கூட்டம் போடும்போது, முதலில் பேச ஒரு தேனீ வளர்ப்பாளரை அழைப்போம்; நக்கீரர் பிறகு வரட்டும்.